கத்தரிக்கோல் வெட்டிய எழுத்து

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அணிகளின் சட்டையில் மார்பை அடைத்துக்கொண்டு நிற்கும் தடித்த ஆங்கில எழுத்துகள் நமக்கும் புதியவையல்ல. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதிக்குப் போகாமல் மிஞ்சிய பனியன் குவியலைக் கிளறினால் கைக்கு வரும். எந்த ஊர் என்றே தெரியாத ஒரு கல்லூரிப் பெயர், அதன் கீழ் ஏதோ ஓர் ஆண்டு, எல்லாம் அதே எட்டுமூலை எழுத்தில். வளைவு என்பதே அதில் இல்லை. வட்டமாக இருக்க வேண்டிய 'ஓ'கூட எட்டு நேர்கோடுகளில் முடிந்துவிடும்.

அணியின் எழுத்தைச் சட்டையில் தைக்கும் பழக்கத்துக்கு 1865-ஆம் ஆண்டின் ஹார்வர்டு பேஸ்பால் அணியைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் தைத்தது பழைய கோதிக் பாணி 'ஹெச்'. எட்டுமூலை எழுத்து வேறு வகை. அதன் அழகு ஓவியனின் தூரிகையிலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. துணியிலிருந்தும் கத்தரிக்கோலிலிருந்தும் வந்தது. பழைய சட்டைகளில் எழுத்துக்குப் பயன்பட்டது ஃபெல்ட் துணி. நெய்யாமல் கம்பளியை அழுத்திச் செய்வதால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. நேராக வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும், தையல் மிஷினும் நேராக ஓடும். வளைவை வெட்டித் தைக்க நிதானம் வேண்டும். பெரிய எழுத்தை ஒரு நிறத்தில் வெட்டி, அதன்மேல் சற்றுச் சிறியதை வேறு நிறத்தில் வைத்துத் தைத்தால் சுற்றிலும் ஒரு கரை கிடைக்கும். இன்றைய எழுத்துருக்களில் அலங்காரமாகப் போடும் வெளிக்கோடு அந்த அடித்துணியின் ஓரம்தான்.

ஃபெல்ட்டுக்கு முன்புறம், பின்புறம் என்ற வேற்றுமை அவ்வளவாகத் தெரியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'பி', 'டி', 'ஈ', 'கே' போன்றவற்றைப் புரட்டிப் போட்டாலும் சுழற்றிச் சரிசெய்துகொள்ளலாம். 'எஸ்', 'என்', 'இசட்' மூன்றையும் புரட்டினால் எப்படித் திருப்பினாலும் கண்ணாடியில் தெரிவதுபோல்தான் நிற்கும். 1960-இல் பேஸ்பால் அணி உரிமையாளர் பில் வீக் தன் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியினரின் முதுகில் பெயரும் போடச் செய்தார். அந்த அணி வீரர் டெட் குளுஸெவ்ஸ்கியின் பெயரில் 'இசட்' இடவலமாகத் திரும்பியிருந்தது. தைத்தவர் துண்டைப் புரட்டி வைத்திருப்பார் என்பது என் ஊகம். அதே பெயரில் 'கே' இருக்க வேண்டிய இடத்தில் 'எக்ஸ்' இருந்ததாம். அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

துணியிலிருந்து இந்த வடிவம் அச்சுக்கும் வந்தது. 1970-இல் டாம் கார்னேஸும் ரோனி பாண்டரும் வரைந்த 'மெஷின்', வளைவுகளையெல்லாம் அறுத்தெறிந்த எழுத்துரு. 1981-இல் டிக் ஜோன்ஸ் உருவாக்கிய 'பிரின்ஸ்டவுன்' நேராகக் கல்லூரிச் சட்டையிலிருந்தே எடுத்தது; பெரிய எழுத்துகள் மட்டும், நுனிகளில் கட்டை, சுற்றிலும் கோடு. இரண்டில் என் ஓட்டு 'மெஷி'னுக்கு. 'பிரின்ஸ்டவுன்' சட்டையை நினைவூட்டுவதோடு நின்றுவிடுகிறது. 'மெஷின்' சட்டையை மறந்தபிறகும் எழுத்தாக நிற்கிறது.

நேர்கோடுதானே, யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று தோன்றும். மூலையில்தான் வரைபவரின் கை தெரியும். வெளி மூலையை மட்டும் தாராளமாகச் சீவிவிட்டு உள்மூலையைச் சதுரமாக விட்டால் அந்த இடம் இளைத்துப்போகும். உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு சீவினால் மூலை பருத்து, எழுத்து கழுத்தில் சதை போட்டதுபோல் ஆகும். உள்வெட்டு வெளிவெட்டைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும்போதுதான் தடிமன் சுற்றிலும் ஒன்றாகத் தெரியும். அடுத்த சோதனை, ஜோடிகள். 'எஸ்'ஸுக்கும் ஐந்துக்கும் இடையே பெரும்பாலும் மேல் இடதுமூலை ஒன்றுதான் காவல்: ஐந்தில் அது சதுரம், 'எஸ்'ஸில் சீவியது. எட்டையும் 'பி'யையும் பிரிப்பதும் இடப்பக்க மூலைகள்தான். 1929-இல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியினர் மட்டையடிக்கும் வரிசைப்படி முதுகில் எண் போட்டார்கள். பேப் ரூத்துக்கு 3, லூ கெரிக்குக்கு 4. மாடத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் 3-ஐ 8-ஆகத் தோன்றவிடாமல் காட்ட வேண்டுமென்றால் இடப்பக்கத் திறப்பு அகலமாக இருக்க வேண்டும். எழுத்துரு வாங்குமுன் இந்த எண்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

இப்போது கிடைக்கும் பல எழுத்துருக்களில் பழமைக்காக வெடிப்பும் தேய்மானமும் சேர்த்து விற்கிறார்கள். ஒரு சொல்லில் 'ஓ' இரண்டு முறை வந்தால் இரண்டிலும் அதே இடத்தில் அதே கீறல். துவைத்துத் தேய்ந்த துணி அப்படித் தேயாது. சிறிய எழுத்துகளையும் சேர்த்துத் தருபவர்கள் வேறு இருக்கிறார்கள். எட்டுமூலையில் ஒரு சிறிய 'ஜி'யைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

எழுத்துரு தொட முடியாத ஒரு வித்தையும் இந்தச் சட்டைகளில் உண்டு. பெயரை வில்போல் வளைக்க எழுத்துகளை விசிறியாகச் சாய்த்து வைப்பது எளிய வழி. கடினமான வழியில் எந்த எழுத்தும் சாயாது. செங்குத்துக் கோடுகள் நேராகவே நிற்க, தலையும் அடியும் மட்டும் வளைவின் போக்கில் சரியும். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஐஸ் ஹாக்கி அணி வீரர்களின் பெயர்களை இன்றும் அப்படித்தான் அமைக்கிறது. அங்கே ஒரே 'ஈ', பெயரின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் வேறு வடிவம். ஒவ்வொரு வீரருக்கும் இடம் பார்த்துத் தனியாக வெட்ட வேண்டும்.