பெக்லரின் மகள்: பின்நவீனத்துவ நாவலில் பாத்திர ஆழம்

பின்நவீனத்துவ நாவல்களில் கதைமாந்தர் உயிரற்ற பொம்மைகளாகவே உலவுகின்றனர் என்பது பரவலான குற்றச்சாட்டு. 1973இல் வெளிவந்த தாமஸ் பிஞ்சனின் ‘கிராவிட்டிஸ் ரெயின்போ’ இதற்குச் சான்றாக அடிக்கடி சுட்டப்படுவது. நூற்றுக்கணக்கான பெயர்கள் வந்து மறைகின்றன. முதன்மை மாந்தனாகிய ஸ்லோத்ரப்பே இறுதிப் பகுதியில் சிதறிக் காணாமற் போகிறான். இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வகுத்த தட்டை மாந்தர், முழுமை மாந்தர் என்னும் பாகுபாட்டைக் கொண்டு இதனை அளப்போர்க்கு ஏமாற்றமே எஞ்சும். ஆயின் அளவுகோல் பொருந்தாமையைப் பாத்திரத்தின் குறையாகக் கொள்ளுதல் முறையன்று.

ஃபிரான்ஸ் பெக்லர் இடம்பெறும் பகுதி நோக்கத்தக்கது. ஜெர்மானிய ராக்கெட் பொறியாளனாகிய அவனைப் பிரிந்து சென்ற மனைவியும் மகள் இல்சேயும் முகாமில் அடைபடுகின்றனர். மகள் மட்டும் ஆண்டுக்கொருமுறை அவனிடம் அனுப்பப்படுகிறாள். வருபவள் அதே சிறுமிதானா, ஆண்டுதோறும் வேறொருத்தியா என்பது அவனுக்குத் தெளிவாவதில்லை. அசையாப் படங்களை அடுக்கித் திரைப்படம் அசைவைத் தோற்றுவிப்பது போல, கோடைதோறும் ஒரு சிறுமியைக் காட்டித் தன்னுள் மகளைத் தோற்றுவிக்கின்றனர் என ஐயுறுகிறான். ஐயுற்றும் அன்பு செலுத்துகிறான். அவ்வன்பின் பொருட்டே ராக்கெட் பணியையும் தொடர்கிறான். அறிந்தும் அறியாதிருக்க அவன் தன்னோடு செய்துகொள்ளும் இவ்வுடன்பாட்டில்தான் பாத்திரத்தின் ஆழம் உள்ளது.

இவ்விடத்து மொழிபெயர்ப்பாளரைச் சோதிப்பது ஒரு சிறு சொல். திரைப்பட ஒப்புமையில் ஆசிரியர் ‘அவனுடைய மகள்’ என்னாது, ‘எ’ என்னும் ஆங்கில இடைச்சொல்லை மகளின் முன் இடுகிறார். தமிழில் ‘மகள்’ என்றால் ஐயம் மறையும். ‘ஒரு மகள்’ என்றால் எண்ணுப்பொருள் மேலோங்கும். ‘மகளொருத்தி’ என்பது சற்றே கதைமரபு வாடை வீசினும் மூலத்துக்கு அணுக்கமானது. மறுபுறம், ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி ஒன்றும் தமிழுக்கு உண்டு. சென்ற ஆண்டு வந்தவளை ‘அவள்’ என்றும் இவ்வாண்டு வந்தவளை ‘இவள்’ என்றும் சுட்டலாம். ஆயின் அதனை ஓரிரு முறைக்கு மேல் கையாண்டால், ஆசிரியர் தீர்க்காமல் விட்ட ஐயத்தை மொழிபெயர்ப்பு தீர்த்துவிடும்.

போரின் முடிவில் பெக்லர் டோரா முகாமினுள் நுழைகிறான். ராக்கெட்டுகளைச் செய்த கைதிகள் அடைபட்டிருந்த இடம் அது. அருகிலேயே பணிபுரிந்தும் அவன் கண்ணால் கண்டிராதது. அங்கே குற்றுயிராய்க் கிடக்கும் முன்பின் அறியாத ஒருத்தியின் விரலில் தன் திருமண மோதிரத்தை அணிவிக்கிறான். இங்குக் குற்றவுணர்வு பற்றிய ஒரு தொடரை விளக்கமாகச் சேர்க்க மொழிபெயர்ப்பாளர்க்கு ஆவல் எழலாம். மூலத்திலோ, அவள் பிழைத்தால் அம்மோதிரம் சில வேளை உணவுக்கோ ஒரு போர்வைக்கோ உதவும் என்னும் கணக்கே உள்ளது.