65 மீற்றர்: கல்முனைக் கரையோரத் திட்டமிடல் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

நகரங்களின் எதிர்காலம் பற்றி இன்று எழுதப்படும் அறிக்கைகளில் இரு தொடர்கள் தவறாது இடம்பெறுகின்றன. ஒன்று, காலநிலை மாற்றத்தைத் தாங்கும் வலு. மற்றையது, எவரையும் விலக்காத அபிவிருத்தி. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் 11 ஆவது இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்துள் அடக்கிவிடுகின்றது. வாக்கியத்துள் அடங்கிய இரண்டும் மண்ணிலும் அவ்வாறே இணங்கி நிற்கின்றனவா என்பதே வினா. ஊரைக் காக்கவெனப் போடப்படும் திட்டம், அவ்வூரின் வறியவரை ஓர் ஆபத்திலிருந்து பெயர்த்து வேறோர் ஆபத்தின் வாயிலில் குடியமர்த்திவிடக் கூடும். கல்முனையில் நிகழ்ந்தது பெரும்பாலும் இதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இப்பகுதியின் தரையமைப்பை அறியாதார்க்கு இவ்வாதம் விளங்காது. பெரியநீலாவணை தொடக்கம் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல்கள். இடையேயுள்ள ஒடுங்கிய மணற்றரையிலேதான் மாநகர எல்லைக்குட்பட்ட ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்களிற் பெரும்பாலானோர் வாழ்கின்றனர். கடலை மட்டும் பார்ப்போர் இதனைக் கரையோர நகரம் என்பர். உண்மையில் இது இரு நீர்களுக்கு இடைப்பட்ட நகரம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து வரும் வெள்ளம் வயல்களை நிரப்பிக் கடலுக்கு வழி தேடுகின்றது. கிட்டங்கித் தாம்போதிக்கும் மாவடிப்பள்ளித் தாம்போதிக்கும் மேலாக நீர் பாய்ந்து போக்குவரத்துத் தடைப்படுவது இப்பகுதியார்க்குப் பழகிப்போன செய்தி. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் ஒன்று வெள்ளத்தில் அள்ளுண்டபோது, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் உயிரிழந்தனர். அவர்களைக் கொன்றது கடலன்று.

ஆயினும் கல்முனையின் இன்றைய குடியிருப்பு அமைப்பைத் தீர்மானித்தது கடல் பற்றிய அச்சமே. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இலங்கையிலேயே அதிக உயிர்களைக் காவுகொண்டது அம்பாறை மாவட்டத்தில். அங்கு மாண்டோர் தொகை 10,000 ஐத் தாண்டும். ஆழிப்பேரலை நிலநடுக்கத்தின் விளைவேயன்றிக் காலநிலையின் விளைவன்று. எனினும் அதன் பின்னர் எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டலாகாது என வகுக்கப்பட்ட விதிகளே, இன்று பெருகிவரும் மழையையும் உயர்ந்துவரும் கடலையும் இவ்வூர் எவ்வாறு எதிர்கொள்ளும் என்பதை நிர்ணயித்து வைத்திருக்கின்றன. ஆகலின் அவ்விதிகளை ஈண்டு நுணுகி நோக்குதல் வேண்டும்.

2005 இன் தொடக்கத்தில் அரசாங்கம் கரையோரப் பாதுகாப்பு வலயம் ஒன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். தரையின் உயரம் எவ்வளவு, மணல்மேடு எங்கே உண்டு, அலை எவ்வழியால் உட்புகுந்தது என்ற வினாக்களுக்கு இவ்வளவு முழுமையான எண்கள் விடையாக அமைதல் அரிது. நிலம் பரந்து கிடக்கும் ஊரில் 200 மீற்றர் பின்வாங்குதல் இடர். கல்முனைக்குடி போன்ற செறிந்த ஊரில் அது ஊரையே எடுத்துவிடுதற்கு ஒப்பானது. பின்வாங்குதற்கு அங்கே இடமேது? சுற்றுலாத் துறைக் கட்டடங்களுக்கு மட்டும் இவ்விதியிற் சலுகை காட்டப்பட்டமை அக்காலத்திலேயே கண்டிக்கப்பட்டது. எதிர்ப்பின் பின்னர் வலயம் சுருக்கப்பட்டது. கல்முனைப் பகுதியில் 65 மீற்றர் என்ற அளவு நிலைத்தது. மருதமுனை மேட்டுவட்டையில் அமைந்த சுனாமி வீட்டுத் திட்டத்துக்கு அந்த எண்ணே பெயராகி, '65 மீற்றர் வீட்டுத் திட்டம்' என வழங்குகின்றது. வட்டை என்பது எம்மவர் வழக்கில் வயற்பரப்பு. மேட்டுவட்டை என்னும்போது அப்பரப்பினுள் மேடான இடம் சுட்டப்படுகின்றது. நீரை அறிந்து இடப்பட்ட பெயரின் மேல் நீரை அறியாத ஓர் எண் வந்து குந்திக்கொண்டமை கருதத்தக்கது.

கடலிலிருந்து விலக்கப்பட்டோருக்கு நிலம் கிடைத்தது மேற்கே, பெரும்பாலும் வயலை நிரப்பியே. சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம் இதற்கு எடுத்துக்காட்டு. வயல் என்பது நெல் விளையும் இடம் மாத்திரமன்று. மாரி வெள்ளம் தங்கி, ஆறிச் செல்லும் இடமுமாகும். அதில் மண் கொட்டி மேடாக்கும்போது நீர் மறைந்துவிடுவதில்லை. மேடாக்க வசதியற்ற அயல் வளவுக்குள் அது புகுகின்றது. வடிச்சல் நீர் கடலை அடையவேண்டிய சாய்ந்தமருதுத் தோணாவோ குப்பையாலும் சல்பீனியாவாலும் அடைபட்டுக் கிடப்பது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகின்றது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். ஆழிப்பேரலையால் வீடிழந்தோரும் சேரிகளிலிருந்து அகற்றப்பட்டோரும் சென்னைக்குத் தெற்கே செம்மஞ்சேரியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்பகுதியில் குடியேற்றப்பட்டனர். 2015 பெருவெள்ளத்தில் அக்குடியிருப்பு நீரில் நின்றது.

வீடு என்ற சொல்லுக்குத் திட்டம் கொண்ட பொருளும் மக்கள் கொண்ட பொருளும் வேறுபட்டமை இன்னொரு செய்தி. இதுவே எனக்கு முதன்மையாகப் படுகின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுப்பதும், மணமகன் பெண்வீட்டில் வந்து குடியிருப்பதும் இங்கு நெடுங்கால வழமை. ஒரு வளவு மகள்மாருக்கென மீண்டும் மீண்டும் பிரிபட்டே இவ்வூர்கள் இவ்வளவு செறிந்தன. நிவாரண வீடுகள் பகிரப்பட்ட வேளையில் 'குடும்பத் தலைவர்' என்ற அரசாங்கச் சொல் குறுக்கே வந்தது. தாய்வழியில் பெண் பெற்றிருந்த உரிமை, கணவன் பெயரில் எழுதப்படும் உறுதியால் பறிபோகும் அபாயத்தைப் பெண்கள் அமைப்புகள் அப்போதே எடுத்துக்காட்டின. மாடி வீட்டுக்குச் சென்ற குடும்பம் அடுத்த மகளுக்கு எங்கே வீடு கட்டும்? கரைவலைத் தொழிலாளி தோணியையும் வலையையும் எங்கே வைப்பான்? மருதமுனையில் வீட்டோடு சேர்ந்திருந்த கைத்தறி எந்த அறையில் நிற்கும்? வறியவனுக்கு வீடும் தொழிலும் மகளின் வாழ்வும் ஒரே நிலத்துண்டிலே தங்கியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றைமட்டும் அளந்து கொடுத்ததை முழு ஈடு எனக் கணக்கெழுதியமை பெருங்குறை.

வலயம் வகுத்தோர்க்கு வேறு வழியிருந்ததா எனக் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பிணங்கள் அடக்கப்பட்டு ஒரு மாதமும் கழியாத நிலையில், மக்கள் மீண்டும் கரையில் குடில் போடுவதைத் தடுக்க ஒரு கோடு தேவைப்பட்டிருக்கலாம். கோடு அவசரத்திற் பிறந்தது என்பதை மன்னிக்கலாம். அவசரம் தீர்ந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும் மேற்கு நீரைப் பற்றிய கணக்கு அதனோடு சேர்க்கப்படாமையை எவ்வாறு மன்னிப்பது? மேலும், குடிசைக்காரனுக்குக் கடலைக் காட்டி அச்சுறுத்திய அதே காலத்தில், தெற்கே ஒலுவிலில் டென்மார்க்கின் கடனுதவியுடன் கடலுக்குள்ளேயே அலைதடுப்புகள் நீட்டப்பட்டன. 2013 இல் திறந்துவைக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாயை மணல் மூடியது; அதற்கு வடக்கே கரை அரிக்கப்பட்டு, தென்னைகளும் நிலங்களும் கடலிற் சேர்ந்தன. கரையே நகரும்போது, அக்கரையிலிருந்து அளந்த மீற்றருக்கு என்ன பொருள் உண்டு?

எவரையும் விலக்காமை பற்றியும் சில சொல்லவேண்டும். 2005 ஜூனில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட நிவாரணப் பொதுக்கட்டமைப்பில், பேரழிவைச் சந்தித்த கரையோர முஸ்லிம்கள் ஒப்பமிடும் தரப்பாக இருக்கவில்லை. பின்னர் அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியால் 500 வீடுகள் எழுந்தன. அவை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியனவா என வழக்கெழுந்து, இன விகிதாசாரப்படி பகிரப்படல் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் ஒரு தசாப்தத்துக்கு மேலாக அவ்வீடுகள் ஆளின்றிப் பற்றைக்காடாயின. விகிதாசாரம் கேட்டோர் அனைவரையும் உள்ளடக்கல் என்ற மொழியிலேயே பேசினர். விளைவில் எவருமே உள்ளடங்கவில்லை. வீடிழந்தவர் எவர் என்ற எளிய கேள்வியை விட்டு, அவர் எவ்வினத்தார் என்ற கேள்வியிலிருந்து தொடங்கியதன் பயன் இது. கொடையாளர், எதிர்த்தோர் ஆகிய இரு திறத்தாரும் இதற்குப் பொறுப்பாளிகள் என்பேன்.

கல்முனையின் நிருவாகப் பிணக்குகளும் இவ்வகையினவே. வடக்குப் பிரதேச செயலகம் தமிழர் கோரிக்கையாக நிற்கின்றது. சாய்ந்தமருதுக்கெனத் தனி நகரசபை 2020 பெப்ரவரியில் வர்த்தமானியில் வெளியாகி, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. இக்கோரிக்கைகளின் நியாயங்களை இங்கு ஆராயப்புகவில்லை. ஆயினும் பிணக்குற்ற எல்லைகள் அனைத்தும் கடலுக்குச் செங்குத்தாக ஊரை ஊரிலிருந்து பிரிப்பன. வெள்ளமோ அவற்றைக் குறுக்கறுத்து ஓடுகின்றது. ஒரு சபை தோணாவைத் துப்புரவாக்கி, அடுத்த சபை தன் வயலை நிரப்ப அனுமதி கொடுத்தால் யாருக்கு இலாபம்?

இப்பகுதியின் வேளாண்மை மரபில் வட்டை விதானை என்றொரு பொறுப்பு உண்டு. எந்த நாளில் எந்த வாய்க்கால் திறக்கப்படும், எவர் வயலைத் தாண்டி நீர் செல்லும் என்பன அவரது கண்காணிப்பில் நிகழ்வன. அவரைத் தெரிந்தெடுப்போர் அவ்வட்டையின் விவசாயிகளே. வயலுக்கு உள்ள இவ்வேற்பாடு, அவ்வயல் குடியிருப்பாக மாறியதும் இல்லாதொழிகின்றது. நிரப்பப்பட்ட நிலத்துக்கு வரைபடமும் உறுதியும் இலக்கத் தகடும் வந்து சேர்கின்றன. அந்நிலத்தில் முன்பு தங்கிய நீருக்குப் பொறுப்பாளியென ஒருவரும் வந்து சேர்வதில்லை. மாரி பிறக்குமுன் தோணாவின் வாயை யார் வெட்டிவிடுவது என்ற விவாதம் ஆண்டுதோறும் புதிதாகவே தொடங்குகின்றது.