தேம்பாவணிப் பாயிரமும் நம் ஆய்வேடுகளும்

முன்பு பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2007 முதல் அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் பாடியவர் வீரமாமுனிவர். தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிமாரை மறுத்து நூல் எழுதியவர் அவர். எனினும் எழுத்துத் திருட்டைப் பற்றிப் பேசும்போது அவருடைய தேம்பாவணிப் பாயிரத்தை நாம் ஒதுக்கிவிட இயலாது.

1726ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்காப்பியம், வளன் என அவர் பெயரிட்ட யோசேப்பின் வரலாற்றை 3615 பாடல்களில் விரிக்கிறது. திருமறை கூறாத நிகழ்ச்சிகள் அதில் பல. ஸ்பெயின் நாட்டு ஆகிரேதா நகரில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மரியா என்னும் கன்னித்துறவி, தேவதாய் தமக்கு உரைத்ததாக எழுதியவற்றைத் தழுவியே தாம் பாடுவதாகப் பாயிரத்திலேயே முனிவர் அறிவித்துவிடுகிறார். அக்காட்சிகளை நாம் ஏற்கிறோமா என்பது வேறு வழக்கு.

கம்பரிடமும் திருத்தக்கதேவரிடமும் அவர் பெற்றதும் சிறிதன்று. ஆனால் அக்கடனைக் கற்றோர் நாட்டுப் படலத்திலேயே கண்டுகொள்வர். ஸ்பானிய நூலையோ, அந்நாளில் கொள்ளிடக் கரையில் யார் படித்திருக்கக் கூடும்? சொல்லாது விட்டிருந்தால் தமிழ்ப் புலவர் எவரும் அறிந்திருக்க மாட்டார். அந்த இடத்தில்தான் அவர் சொன்னார்.

நம் மாணவர் செய்வது இதற்கு நேர்மாறு. எல்லோரும் அறிந்த அகராதிக்கு அடிக்குறிப்பு உண்டு. பத்தி பத்தியாகத் தமிழாக்கப்பட்ட ஆங்கில விரிவுரைக்கு ஒரு சொல்லும் இல்லை. முன்னோர் மொழியை எடுத்தாள்வது தமிழ் மரபுதானே என்று நன்னூலைத் துணைக்கு அழைப்பாரும் உளர். அதே நன்னூல், சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டிய எட்டனுள் 'வழி' என்பதையும் வைத்திருப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்றும், 60ஐ மிஞ்சினால் ஆய்வாளரின் பதிவை நீக்கலாம் என்றும் வகுத்தன. கணினி சொல்லைச் சொல்லோடு ஒப்பிடும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கடத்தப்பட்ட பத்தி பெரும்பாலும் அதன் வலையில் சிக்குவதில்லை. ஆகவே, தமிழ் ஆய்வேடு விழுக்காட்டுச் சான்றிதழோடு வந்தால் போதும் என்று இருத்தல் தகாது. பயன்படுத்திய அயல்மொழி நூல்களின் பக்கங்களையும் மாணவர் உடன் வைக்கவேண்டும். தேர்வாளர் சில பத்திகளையேனும் அவற்றோடு வைத்துப் படிக்கவேண்டும். முதலாண்டு மாணவரிடம் குறை கண்டால் திருத்தி எழுதச் செய்யலாம். அச்சேறிய கட்டுரையாயின், மூல ஆசிரியரின் பெயரையும் பக்கத்தையும் அடுத்த இதழிலேயே, கட்டுரை வெளிவந்த அளவு எழுத்திலேயே வெளியிடவேண்டும். எழுதியவர் ஆயராக இருப்பினும் இதில் விலக்கு வேண்டா எனக் கருதுகிறோம்.