தான் நிற்கும் உயரத்தைச் சொல்லும் படிகம்

'சூப்பர் மாரியோ 64' விளையாட்டின் பதினோராவது உலகத்துக்கு வெட்-டிரை வேர்ல்ட் என்று பெயர். அங்கே வைர வடிவப் படிகங்கள் சில, தாழ்விலும் உயரத்திலுமாக அமைதியாக நிற்கின்றன. 1996இல் நின்டெண்டோ 64 கருவியோடு வெளிவந்த அந்த விளையாட்டை ஆடியவர்கள் அவற்றைத் தொட்டிருப்பார்கள். தொட்ட வேகத்தில், ஆட்டத்தின் இலக்கான அடுத்த நட்சத்திரத்தைத் தேடி ஓடியும் இருப்பார்கள். அந்த ஓட்டத்தைச் சற்றே நிறுத்திவிட்டு வாருங்கள், ஒரு படிகத்தின் அருகே போய் நிற்போம்.

விளையாட்டின் நாயகன் மாரியோவின் உடல் பட்டதும் படிகம் சுழல்கிறது. அதே கணத்தில் அந்த உலகத்து நீர் முழுவதும் அசையத் தொடங்குகிறது. எதுவரை? படிகம் நிற்கும் உயரம்வரை. அங்கே வந்ததும் பணிவோடு நின்றுவிடுகிறது. நீர் கீழே இருந்தால் எழுந்து வரும். மேலே இருந்தால் இறங்கி வரும். ஏற்றுவதற்கு ஒன்று, இறக்குவதற்கு ஒன்று என்று இரண்டு விசைகள் வைத்திருக்கலாம். எண்ணோ அம்புக்குறியோ பொறித்திருக்கலாம். எதுவுமே தேவைப்படவில்லை. தான் நிற்கும் இடத்தாலேயே தன் வேலையைச் சொல்லிவிடுகிறது இந்தப் படிகம். படிக்கத் தெரியாத குழந்தைக்கும் இரண்டாவது தொடலில் விளங்கிவிடும். விசை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

இந்த எளிமைக்குள் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. நீரை உயர்த்த வேண்டுமென்றால் அந்த உயரத்துக்கு மாரியோ முதலில் தன் காலால் ஏறியாக வேண்டும். நீரை வடிக்க வேண்டுமென்றால் மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்துக்கு நீந்தியாக வேண்டும். மூழ்கியிருக்கும் ஒவ்வொரு நொடியும் அவனுடைய ஆற்றல் கரைகிறது. தலை மேலே வந்ததும் அது மீண்டும் நிரம்புகிறது. ஆகவே நீர்மட்டம் வெறும் காட்சி மாற்றமாக இல்லை. அவனுடைய உயிர் எந்த உயரத்தில் தளிர்க்கும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

படிகத்தைக் காணும் முன்பே நாம் ஒரு விசையைத் தொட்டுவிடுகிறோம் என்பதுதான் என்னை மிகவும் மயக்கிய நயம். விளையாட்டின் உலகங்களுக்கெல்லாம் வாசலாக இருக்கும் கோட்டையின் மேல்மாடியில் தொங்கும் ஓவியத்துக்குள் குதித்துத்தான் இந்த உலகத்துக்குள் போக முடியும். அந்த ஓவியத்தில் எந்த உயரத்தில் புகுகிறோமோ அதற்கேற்ப உள்ளே நீர் காத்திருக்கிறது. தாழப் புகுந்தால் தாழ்ந்த நீர், நடுவில் புகுந்தால் நடுத்தர நீர், உயர எம்பிப் புகுந்தால் ததும்பும் வெள்ளம். ஒரு குதிப்பின் உயரம் ஓர் உலகத்தின் உயரமாக மாறுகிறது! சட்டத்துக்குள் அடங்கிய படம் என்று நாம் நினைத்தது, உண்மையில் அளவுகோல் வரையப்படாத ஒரு மதகு.

இனி நீர் எழுவதைப் பாருங்கள். மிதக்கும் மேடைகள் அதன் தோளில் ஏறிக்கொண்டு சத்தமில்லாமல் உயர்கின்றன. சற்று முன்பு அண்ணாந்து பார்த்த விளிம்பு இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஸ்கீட்டர் என்னும் நீள்கால் பூச்சிகள் புதிய நீர்ப்பரப்பின் மேல் வழுக்கி விளையாடுகின்றன; நீர் வடிந்துவிட்டால் அதே கால்களால் தரையில் நடக்கின்றன. ஒரு கல்லைக்கூட இடம் மாற்றாமல், ஒரே கட்டடத்தைப் பல கட்டடங்களாக ஆக்கிவிடுகிறது நீர். கோஜி கோண்டோவின் இசையில் குகை உலகத்துக்கு அமைந்த அதே மெட்டுதான் இங்கும் ஒலிக்கிறது. ஈரச் சுவர்களுக்கு அது எவ்வளவு இதமாகப் பொருந்துகிறது!

உயர எம்பி, ததும்பும் நீரோடு நுழைந்தவர்களுக்கு ஒரு தனிப் பரிசு உண்டு. உயர்ந்த கம்பித் தடுப்பைக் கடந்து நீந்தி, சுரங்க வழியே போனால் ஒரு சின்னஞ்சிறு நகரம் மூழ்கிக் கிடக்கிறது. வீடுகள் இருக்கின்றன, தெருக்கள் இருக்கின்றன, மனிதர்கள் இல்லை. முதலில் பறவைபோல அதன் கூரைகளுக்கு மேலே நீந்துகிறோம். அங்கேயுள்ள படிகத்தைத் தொட்டதும் நீர் இறங்குகிறது. கூரை, சாளரம், வாசல் என்று நகரம் தன்னை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. பிறகு அதே தெருவில் கால் ஊன்றி நடந்து சிவப்பு நாணயங்களைப் பொறுக்குகிறோம். நீந்திய இடத்தில் நடக்கும் இந்த வியப்பை இவ்வளவு மென்மையாகத் தந்த வேறொரு கட்டம் அந்த விளையாட்டில் இல்லை என்றே சொல்வேன்.

நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைனில் இந்த விளையாட்டு 2021 முதல் கிடைக்கிறது. ஆடுபவர்கள் ஒருமுறை நட்சத்திரத்தை மறந்துவிட்டு, படிகத்தைத் தொட்ட பின் நகராமல் நின்று, நீர் வந்து சேரும்வரை பாருங்கள்.