காலமா, கைவந்த திறனா? இணையவழிக் கல்வியின் மதிப்பலகு குறித்து ஒரு திறனாய்வு

ஒரு மாணவர் ஒரு பாடத்தைக் கற்றுத் தேர்ந்துவிட்டார் என்று நாம் எதனைக் கொண்டு சான்று பகர்கிறோம்? அவர் வகுப்பில் அமர்ந்திருந்த மணிகளைக் கொண்டா, அன்றி அவர் செய்துகாட்டும் செயலைக் கொண்டா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவை இணையவழிக் கல்வி இன்று மீண்டும் எழுப்பியுள்ளது. அமெரிக்க நாட்டில் அதற்குக் கிடைத்துள்ள விடையை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். சான்றிதழ் வழங்கும் நாமும், அதனை நம்பி ஆயர்களை ஏற்கும் சபையாரும் இதில் அக்கறை கொள்ளவேண்டியவர்களே.

முதலில் வரலாற்றைக் காண்போம். ஆண்ட்ரூ கார்னகி 1905-இல் கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்திற்கென ஒரு கோடி டாலர் அளித்தார். அந்நிதியை ஆண்ட அறநிறுவனம், எவை கல்லூரி என்னும் பெயருக்குத் தகுவன என வரையறுக்க வேண்டியதாயிற்று. ஆகவே, கல்லூரியில் சேர்வோர் உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு அலகுகள் கற்றிருத்தல் வேண்டும் என்றும், ஒரு பாடத்தில் ஓராண்டில் 120 மணி நேரம் பயில்வதே ஓர் அலகு என்றும் அது கணக்கிட்டது. ‘கிரெடிட்’ எனப்படும் மதிப்பலகின் வேர் இதுவே. ஓய்வூதியக் கணக்கிற்காகப் பிறந்த அளவுகோல், நாளடைவில் அறிவின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது.

இதற்கு எதிரான சிந்தனையைப் பெஞ்சமின் புளூம் 1968-இல் தெளிவாக வகுத்தார். காலத்தை நிலைநிறுத்தித் தேர்ச்சியை ஏறவும் இறங்கவும் விடுவதற்கு மாறாக, தேர்ச்சியை நிலைநிறுத்திக் காலத்தை நெகிழவிடுக என்பதே அதன் சாரம். வகுப்பறையில் ஓர் ஆசிரியர் நாற்பது மாணவரையும் அவரவர் நடைக்கேற்ப நடத்துதல் அரிது. இணையம் அத்தடையை நீக்கிற்று.

அமெரிக்க மேற்கு மாநில ஆளுநர்கள் பலர் கூடி 1997-இல் நிறுவிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு ஒவ்வொரு பாடத்திற்கும் உரிய திறன்கள் முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளன. தேர்வெழுதியோ செய்முறைப் பணியை ஒப்படைத்தோ அவற்றை மெய்ப்பிப்பவர், மூன்று வாரமாயினும் நான்கு மாதமாயினும், பாடத்தை முடித்தவராவார். கற்பிப்பவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு. கட்டணமும் பாடத்திற்கன்று, ஆறு மாதப் பருவத்திற்கே.

இம்முறையின் நன்மைகள் மறுக்கத்தக்கன அல்ல. பல்லாண்டு மருத்துவமனையில் பணிசெய்த செவிலியர், தாம் அறிந்ததையே மீண்டும் அமர்ந்து கேட்கவேண்டிய நிலை இல்லை. மதிப்பிடுபவர் மாணவரின் முகமறியாதவர் ஆதலின், பரிவும் பகையும் தீர்ப்பில் கலப்பதில்லை.

எனினும் மூன்று குறைகளைச் சுட்டாதிருத்தல் இயலாது.

முதலாவது, வாயில்வழி வெளியேற்றப்பட்ட காலம் பின்கதவுவழித் திரும்பியுள்ளது. பருவத்திற்கே கட்டணம் என்றால், விரைந்து கற்பவர் குறைவாகவும் மெல்லக் கற்பவர் மிகுதியாகவும் செலுத்துவர். யாருக்குக் காலம் தேவையோ, அவரே காலத்திற்கு விலை கொடுக்கிறார். அன்றியும், பிற கல்லூரிகள் ஏற்கவேண்டுமென்பதற்காகத் திறன் அலகுகளும் பழைய மதிப்பலகுகளுக்கு ஈடாகவே எண்ணப்படுகின்றன. கார்னகி நிறுவனமே 2015-இல் தன் அலகை ஆராய்ந்து, அது கற்றலை அளப்பதன்று என ஒப்புக்கொண்டும் அதனைக் கைவிடுமாறு கூறவில்லை.

இரண்டாவது, சான்று பகர்வோனின் நிலை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2005-இல் இயற்றிய விதிகளின்படி, உயர்நிலைப் பள்ளிகள் தேர்ச்சியைக் கொண்டே மதிப்பலகு வழங்கவேண்டும் என்றாயிற்று. அங்கு 2008-இல் தொடங்கிய இணையவழிப் பள்ளியொன்று, மாணவர் தேர்ந்த திறன்களின் அளவிற்கேற்பவே அரசு நிதி பெறுகிறது. வெறும் வருகைக்குப் பணம் தருவதினும் இது மேலானதே. அப்பள்ளி தவறிழைத்தது என்பதன்று என் கூற்று. ஆயினும், ‘தேர்ந்தார்’ என்று சொல்பவருக்கே அச்சொல்லால் வருவாய் உண்டாகுமாயின், அவருடைய நேர்மைக்கு ஓயாத சோதனை ஏற்படுகிறது. கற்பித்தலையும் மதிப்பிடுதலையும் பிரித்துவைப்பதன் தேவை இங்கே விளங்கும்.

மூன்றாவதே தலையாயது. அமெரிக்கக் கல்வித் துறையின் தணிக்கை அலுவலகம் 2017-இல், மேற்கூறிய பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே சட்டம் கோரும் முறையான, பொருள்பொதிந்த உறவாடல் போதவில்லை எனக் கூறி, 71 கோடியே 30 இலட்சம் டாலரைத் திருப்பிச் செலுத்துமாறு பரிந்துரைத்தது. 2019-இல் கல்வித் துறை அதனை ஏற்காது விடுத்தது. சட்டவழக்கு அவ்வாறு முடிந்தாலும் வினா முடியவில்லை. ஆசிரியரின் பணியை வழிகாட்டுபவர், பாடம் விளக்குபவர், மதிப்பிடுபவர் எனப் பகுத்தபின், மாணவரை முழுமையாக அறிந்தவர் யார்?

இவ்வினா நமக்குப் புதியதன்று. 1963-இல் குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி, ஊர்விட்டு வர இயலாத ஊழியரைத் தேடிச்சென்று விரிவாக்க இறையியல் கல்வியைத் தொடங்கியது. 1971 முதல் இந்தியாவிலும் அம்முறை வேரூன்றியது. வீட்டில் பாடம் படித்தவர்கள் குறித்த நாளில் ஆசிரியருடன் கூடியமர்ந்து உரையாடினர். அக்கூட்டத்தை அம்முன்னோடிகள் விட்டுவிடவில்லை என்பது கருதத்தக்கது.

கிரேக்க வினைச்சொல்லைப் பகுத்துணரும் திறனை ஒரு தேர்வு காட்டும். அதற்கு மணிக்கணக்கு வேண்டுவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் எப்போது பேசவேண்டும், எப்போது வாய்மூடி அமர்ந்திருக்கவேண்டும் என்பதை ஒருவர் அறிந்துள்ளாரா என்பதை எந்தச் செய்முறைத் தாள் காட்டும்? அதனை அவருடன் பலநாள் நடந்த மூத்தவரே கூறவியலும். காலம் கற்றலின் அளவுகோல் அன்று. ஆயினும் சில திறன்களுக்கு அது விளைநிலம். ஆதலின், பாட அறிவைப் பொறுத்தமட்டில் நாம் மணிக்கணக்கைத் தயங்காது விட்டுவிடலாம். பணிக்குரிய பண்பைப் பொறுத்தமட்டில், மதிப்பெண் பட்டியலுடன் ஒரு மனிதரின் சாட்சியும் இணைந்துவரும்படி நம் விதிகளை அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.