வெற்றுத்தாளில் நிற்கும் விலங்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் ஒருவர் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்றால், தம் விளைநிலத்திற்குப் போகிறார் என்பதே பொருள். பருத்தியும் மக்காச்சோளமும் பயறும் விளையும் மானாவாரிக் கரிசல்தான் அங்கே காடு. வனவிலங்கு நடமாடும் இடமும் அதுவே. கண்மாய்களிலும் தரிசுகளிலும் மண்டிய சீமைக் கருவேலம் புதர்களில் பகலில் பதுங்கும் காட்டுப்பன்றிகள் இரவில் சோளக் கதிர்களைச் சாய்க்கின்றன. மயில்கள் விதைத்த பயற்றைப் பொறுக்குகின்றன. ஆனால், பள்ளிச் சுவர்களில் தீட்டப்படும் மயிலும் மானும் எவருடைய நிலத்திலும் நிற்பதில்லை. விலங்கை அதன் நிலத்திலிருந்து பெயர்த்து அழகு பார்க்கும் இம்முறைக்கு மிக உயர்ந்ததொரு முன்னோடி உண்டு. மொகலாய விலங்கோவியங்களையே கருதுகிறோம். (உருவம் வரைதல் பற்றிய மார்க்க விவாதம் இங்கு நம் பொருளன்று.)

ஜஹாங்கீரின் அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் ‘நாதிருல் அஸ்ர்’, அதாவது காலத்தின் அற்புதம், என்னும் பட்டம் பெற்றவர். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய சைபீரிய நாரை ஓவியத்தில் காலின் தோற்சுருக்கம்வரை பதிவாகியுள்ளது. அப்பறவையோ 2002-க்குப் பின் பரத்பூருக்கு வரவேயில்லை. 1621-இல் அபிசீனியாவிலிருந்து வரிக்குதிரை ஒன்று வந்தபோது, வரிகள் சாயம் பூசியவையோ எனச் சிலர் ஐயுற்றனர். ஆராய்ந்தபின் அவை படைத்தவனின் கைவண்ணமே என்று உறுதிப்பட்டதைப் பாதுஷாவே தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். மன்சூர் அதனை வரைந்தார். அவ்வோவியம் இன்று இலண்டனில் இருக்கிறது. ‘அல்முஸவ்விர்’ என்னும் இறைநாமத்தின் முன் ஓவியன் தன் அளவை அறிந்து நின்ற தருணம் அது என்றே நாம் கொள்கிறோம்.

ஆயினும் இத்தாள்களில் மனிதன் இல்லை. அதே பாதுஷா, தம் பன்னிரண்டாம் வயதுமுதல் ஐம்பதாம் வயதுவரை தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532 என்றும், அவற்றுள் 17,167 தம் கையால் வீழ்ந்தவை என்றும் கணக்குக் காட்டுகிறார். தாம் வளர்த்த மானுக்காக ஷேக்குபுராவில் மினார் எழுப்பியவரும் அவரே. கொன்ற கையும் அழுத கண்ணும் ஒருவருடையவை. மன்சூரின் தூய வெண்பரப்பு இம்முரணைக் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது.

இவ்வகையில் அபுல் ஹஸன் வரைந்ததாகக் கருதப்படும் சினார் மர ஓவியத்தையே நாம் மேலாக மதிக்கிறோம். ஏறத்தாழ 1605–1608-இல் தீட்டப்பட்ட இது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. மன்சூரின் கையும் இதில் உண்டென்பர். பொன்னிறப் பின்னணியில் நிறம் மாறிய இலைகளினூடே அணில்கள் ஓடியாடுகின்றன; கீழே ஒரு மனிதன் மரத்தைப் பற்றி ஏற முயல்கிறான். அவன் விரும்புவது அணிலை. அணிலுக்கு வேண்டியது மரம். இருவரின் தேவையும் ஒரே தாளில் இருப்பதால், பார்ப்பவர் எவர் பக்கம் நிற்பது என முடிவு செய்தாக வேண்டியுள்ளது. வரிக்குதிரை ஓவியம் நம்மிடம் அப்படி எதையும் கேட்பதில்லை.

பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவின் இக்வானுஸ் ஸஃபா அறிஞர்கள் தம் 22-ஆம் நிருபத்தில் இதே வேலையை எழுத்தில் செய்தார்கள். அங்கே விலங்குகள் ஜின்களின் அரசனிடம் மனிதர்மீது வழக்குத் தொடுக்கின்றன. விலங்கினங்களும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38-ஆம் வசனக் கருத்தை இக்கதையோடு சேர்த்து எண்ணாதிருக்க முடியவில்லை. தீர்ப்பு இறுதியில் மனிதருக்கே சாதகமாகிறது. எனினும் அவர்தம் வலிமைக்காகவோ அறிவுக்காகவோ அன்று, மறுமையில் எழுப்பப்படுவோர் என்பதற்காக. அவ்வழக்கில் பன்றியும் வாய் திறக்கிறது. முஸ்லிம்கள் தன்னைச் சபிக்கப்பட்டதென்கிறார்கள், ரோமர்களோ தன் இறைச்சிக்குப் போட்டியிடுகிறார்கள், யாரை நம்புவது என்று முறையிடுகிறது. ஒரு முஸ்லிம் நூல் பன்றிக்கும் வாய்தா கொடுத்திருக்கிறது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

திருச்சுழிப் பக்கத்து வழக்கிலும் முதற்பிரதிவாதி பன்றிதான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வனத்துறையினர் சுடலாம் என 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. மயிலோ 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதற்பட்டியல் அதனைக் காக்கிறது. சுவரோவியத்தில் மயிலுக்கு இடமுண்டு, பன்றிக்கு இல்லை. சோளக்கொல்லையையும் கருவேலம் புதரையும் இரவுக் காவலிருக்கும் விவசாயியின் கைவிளக்கையும் அதன் ஒளியில் திகைத்து நிற்கும் பன்றியையும் ஒரே தாளில் வைக்கும் ஓவியம் ஒன்றை இக்கரிசலிலிருந்து நாம் எதிர்பார்க்கிறோம். அதற்கான இலக்கணம் அபுல் ஹஸனின் மரத்தடியில் நானூறு ஆண்டுகளாகக் கிடக்கிறது.