பொற்கூண்டும் பெற்ற தாயும்

ஜெர்மனியில் பிறந்து, 1933-இல் அந்நாட்டைத் துறந்து, பின்னர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உளமருத்துவராகப் பெரும்பெயர் ஈட்டியவர் ஹில்டே புரூக் அம்மையார். அவர் 1978-இல் வெளியிட்ட 'தி கோல்டன் கேஜ்', அதாவது 'பொற்கூண்டு', அனோரெக்ஸியா நெர்வோஸா என்னும் நோயைப் பொதுமக்களுக்கு விளக்கிய நூல்களுள் தலையாயது. உணவுக்குக் குறைவில்லாத வீட்டில், பசியிருந்தும் உண்ண மறுத்து, எலும்பும் தோலுமாய் மெலிந்த பின்னும் தாம் பருத்திருப்பதாகவே அஞ்சும் இளம்பெண்களை அந்நூல் நம் முன் நிறுத்துகிறது. ஆண்பிள்ளைகளையும் பற்றக்கூடிய இந்நோய், உயிரையும் பறிக்கவல்லது. பேச்சினால் இதனைத் தீர்க்க இயலுமா என்னும் வினாவுக்கு நூல் தரும் விடையை இங்கு எடைபோட விழைகிறோம்.

முதலில் நூலின் சிறப்பைச் சொல்வோம். பழைய உளப்பகுப்பு முறையில், நோயாளி பேசுவார். அப்பேச்சின் உட்பொருளை மருத்துவர் எடுத்துரைப்பார். அம்மையார் இதனை ஏற்கவில்லை. தன் பசியையும் விருப்பத்தையும் தானே இனங்காண அறியாத பெண்ணுக்கு, அவள் உணர்வது இன்னதென்று இன்னொருவர் எடுத்துச் சொல்வது நோயை வளர்ப்பதே அன்றித் தீர்ப்பதாகாது என்றார். மருத்துவர் செவிசாய்க்க வேண்டும். தனக்குரிய சொல்லைத் தேடிக் காண்பவள் அப்பெண்ணாகவே இருத்தல் வேண்டும். பட்டினியால் நலிந்த மனம் பேச்சை ஏற்காது, உடல் ஓரளவேனும் தேறவேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நலமுள்ள ஆடவர் 36 பேரை அரைப்பட்டினியில் வைத்து நடத்திய ஆய்வும் இதற்குச் சான்று. உணவு குறையக் குறைய அவர்கள் சிடுசிடுத்தனர், சோர்ந்தனர், எந்நேரமும் உணவையே எண்ணினர்.

குறை எங்கே? பிள்ளையின் பசிக்குறிப்பை அறியாது தன் எண்ணப்படி ஊட்டிய தாயிடமே நோயின் வேரை நூல் தேடுகிறது. இதனைப் படிக்கும் தாய், குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவளாகவே தன்னை உணர்வாள். மகளின் தட்டைப் பார்த்துக் கண்ணீர் வடிப்பவளுக்கு இதனினும் கொடிய சுமை உண்டோ? குடும்பமே இந்நோயின் முதற்காரணம் என்னும் கொள்கையை உணவுநோய் வல்லுநர்களின் பன்னாட்டுக் கழகம் 2010-இல் வெளிப்படையாக மறுத்துவிட்டது. நோயோடு தொடர்புடைய 8 மரபணுப் பகுதிகளை 2019-இல் வெளியான ஆய்வு சுட்டியது.

குற்றஞ்சாட்டப்பட்ட பெற்றோரே சிகிச்சையில் கைகொடுப்பவராயினர் என்பதுதான் பின்வந்த வரலாறு. இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையினர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் 80 பேர் இடம்பெற்றனர். 18 வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்றாண்டுகளுக்கு மேற்படாதவர்களுக்குத் தனிப்பேச்சைவிடக் குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சை மிகுந்த பயன் தந்தது. இம்முறையில் யார்மீதும் பழியில்லை. நோய் வேறு, பிள்ளை வேறு எனப் பிரித்துக் காட்டுவர். முதலில் உணவுப் பொறுப்பைப் பெற்றோர் ஏற்பர். எடை கூடக் கூட அதனைப் பிள்ளையிடமே திருப்பித் தருவர். வளரிளம் பருவத்தின் பிற சிக்கல்களைப் பேசுவது அதன் பின்னரே. 2010-இல் அமெரிக்காவில் 121 இளையோரிடம் இதனைத் தனிப்பேச்சு முறையோடு ஒப்பிட்டனர். சிகிச்சை முடிந்து ஓராண்டு சென்றபின், முழுநலம் பெற்றிருந்தவர் குடும்ப முறையில் நூற்றுக்கு 49; தனிப்பேச்சில் 23.

இவ்வெண்களைக் கண்டு வெற்றி முழக்கம் செய்வதற்கில்லை. சிறந்த முறையிலும் பாதிப்பேர் முழுநலத்தை எட்டவில்லை. வயதுவந்தோர்க்குக் குடும்பமுறை இவ்வாறு மேம்பட்டு நிற்கவுமில்லை. ஜெர்மனியில் பெண்கள் 242 பேரிடம் மூவகைச் சிகிச்சைகளை ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வில், உடல் எடை தேறியதில் அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. அங்கே அம்மையார் கற்பித்த பொறுமையான செவிசாய்த்தலுக்கு இன்றும் இடமுண்டு.

ஆகவே, பேச்சு பயன் தரும். ஆனால் எந்தப் பேச்சும் பயன் தருமென்பதில்லை என்பதே நம் முடிவு. நோயுற்ற பெண்ணின் உள்ளத்தை அறிய விழைவோர் 'பொற்கூண்டு' நூலை அவசியம் படிக்கலாம். அன்னையரைப் பற்றிய அதன் தீர்ப்பை மட்டும் ஏற்கவேண்டுவதில்லை. தம் வீட்டுப் பிள்ளை உணவை ஒதுக்கி மெலிவதைக் காணும் பெற்றோர், தவறு யாருடையது என்று ஆராய்ந்து நாளைக் கழிக்காமல், உடனே மருத்துவரை நாடி, அவர் துணையோடு பிள்ளையின் அருகே உணவுக்கு அமர்வார்களாக.